வீட்டு மெஷினில் எஸ்பிரசோ: தூள் எடை முதல் பால் நுரை வரை

எஸ்பிரசோ மெஷின் வாங்கத் திட்டமிடும்போதே நல்ல கிரைண்டருக்கும் ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள். இரண்டுக்கும் பணம் போதவில்லை என்றால் மெஷினில் சிக்கனம் பிடிக்கலாம், கிரைண்டரில் பிடிக்கக் கூடாது. ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில் வரும் வெந்நீர், இறுக்கி அடைத்த காபித்தூளை அரை நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறது. அதன் வேகத்தைத் தீர்மானிப்பது தூளின் அரைவைப் பதம்தான். அது துளி மாறினாலும் ஷாட் (ஒருமுறை இறக்கும் எஸ்பிரசோ) பத்து விநாடி முன்னே பின்னே போகும். அந்தத் துளி அளவுக்குத் திருத்த முடியாத கிரைண்டரை வைத்துக்கொண்டு எவ்வளவு உயர்ந்த மெஷினிலும் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து, மெஷினோடு வந்த பாஸ்கெட்டை, அதாவது தூள் போடும் உலோகக் கிண்ணத்தை, திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். அடி முழுக்கப் பொடிப்பொடித் துளைகள் தெரிந்தால் அது ஒற்றைச் சுவர் பாஸ்கெட். உள்ளே பல துளைகள் இருந்தும் வெளியே ஒரே ஒரு ஊசித்துளை மட்டும் தெரிந்தால் அது இரட்டைச் சுவர் வகை. கடையில் அரைத்த தூளுக்காகச் செய்யப்பட்ட அந்த வகையில், அழுத்தத்தை உண்டாக்குவது தூள் அல்ல, அந்த ஊசித்துளை. நுரை நிறைய வரும்; ஆனால் அரைவையை மாற்றினால் சுவை எப்படி மாறுகிறது என்று அதில் கற்றுக்கொள்ள முடியாது. கீழே வருவதெல்லாம் ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டுக்கான முறை.

இவற்றோடு 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, பாஸ்கெட்டின் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் டாம்பர் (தூளை அழுத்தும் கருவி), வறுத்த தேதி அச்சிட்ட மிதமான வறுவல் கொட்டை ஆகியவை வேண்டும். வறுத்து ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதம் வரையிலான கொட்டை பழகுவதற்கு எளிது. வறுத்த ஓரிரு நாளிலேயே எடுத்தால் உள்ளே அடைபட்டிருக்கும் கார்பன் டை ஆக்சைடு ஷாட்டை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக ஓடவைக்கும்.

முதல் ஷாட்

1. மெஷினைச் சூடாக்குங்கள். தயார் விளக்கு சீக்கிரமே எரிந்துவிடும், ஆனால் போர்ட்டாஃபில்டர் (பாஸ்கெட்டைத் தாங்கி மெஷினில் மாட்டும் கைப்பிடி) இன்னும் குளிர்ந்தே இருக்கும். பாய்லர் உள்ள மெஷினில் போர்ட்டாஃபில்டரை மாட்டியபடியே 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். தண்ணீரை ஓடும்போதே சூடாக்கும் தெர்மோபிளாக் வகையில் ஐந்து நிமிடம் போதும். தூள் போடாமல் ஒருமுறை வெந்நீரை ஓடவிட்டுப் பாஸ்கெட்டைத் துடைத்துவிடுங்கள். ஈரமான பாஸ்கெட்டில் தூள் போடக் கூடாது.

2. 18 கிராம் கொட்டையை எடைபோட்டு அரையுங்கள். இது 58 மி.மீ. இரட்டை பாஸ்கெட்டுக்கான அளவு. 51 அல்லது 54 மி.மீ. பாஸ்கெட் என்றால் 14 முதல் 18 கிராமுக்குள் இருக்கும். உங்கள் பாஸ்கெட் எவ்வளவு தாங்கும் என்று தெரிய, தூளை அழுத்திப் போர்ட்டாஃபில்டரை மாட்டி, தண்ணீர் விடாமலே கழற்றிப் பாருங்கள். தூளின் மேல், மெஷினில் தண்ணீர் இறங்கும் சல்லடையின் தடமோ அதன் திருகின் தடமோ பதிந்திருந்தால் ஒரு கிராம் குறையுங்கள்.

3. கட்டிகளை உடையுங்கள். மெல்லிய ஊசியால் அடிவரை கிளறி, மேற்பரப்பைச் சமமாக்குங்கள். அவசரத்தில் இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்தப் பத்து விநாடியை மிச்சம் பிடித்தால் ஷாட்டே வீணாகும்.

4. டாம்பரால் அழுத்துங்கள். தூள் இதற்குமேல் இறங்காது என்று கை உணரும்வரை அழுத்தினால் போதும். எத்தனை கிலோ விசை என்ற கணக்குக்குள் போக வேண்டாம். சாய்வுதான் கெடுக்கும்: ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் தண்ணீர் தூள் குறைவான அந்தப் பக்கமே பாயும்.

5. கோப்பையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, பம்பைப் போடும்போதே விநாடி எண்ணத் தொடங்குங்கள். ஐந்திலிருந்து பத்து விநாடிக்குள் முதல் சொட்டு கருமையாக, கெட்டியாக விழும். பிறகு அது மெல்லிய தாரையாகி, நிறம் வெளுத்துக்கொண்டே வரும். தராசு 33 கிராம் காட்டும்போது பம்பை நிறுத்துங்கள். மீதிச் சொட்டுகளும் சேர்ந்து 36 ஆகிவிடும்.

18 கிராம் தூளுக்கு 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடி. தொடங்குவதற்கு நல்ல புள்ளி இது.

சில மெஷின்களில், ஷாட் முடிந்ததும் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு இருக்காது. அவற்றில் போர்ட்டாஃபில்டரை உடனே திருகிக் கழற்றினால் கொதிக்கும் காபிச்சேறு கையில் தெறிக்கும். அரை நிமிடமாவது பொறுங்கள். அந்த மெஷின்களில் பாஸ்கெட்டில் மிஞ்சும் தூள்வட்டு சேறாகத்தான் இருக்கும், அதை வைத்து ஷாட்டை மதிப்பிட வேண்டாம். காபியின் மேல் படியும் பழுப்பு நுரையான க்ரீமாவையும் நம்ப வேண்டாம்; ரோபஸ்டா கலந்த கொட்டை எப்படிப் போட்டாலும் தடித்த க்ரீமா தரும்.

சுவை சரியில்லையா?

தூளின் எடையையும் காபியின் எடையையும் அப்படியே வைத்துக்கொண்டு, அரைவையை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்றே தெரியாமல் போகும்.

15 விநாடியிலேயே 36 கிராம் கொட்டிவிட்டது, நீர்த்து, புளிக்கிறது என்றால் தண்ணீர் தூளிலிருந்து போதிய அளவு சாரத்தை எடுக்கவில்லை. இன்னும் நைசாக அரையுங்கள். 45 விநாடி ஆகியும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, கசப்பும் வறட்சியும் தெரிகிறது என்றால் கொஞ்சம் கரகரப்பாக்குங்கள். புளிப்பா கசப்பா என்று குழம்பினால் இப்படிப் பாருங்கள்: புளிப்பு வாயில் பட்டதுமே முகத்தைச் சுளிக்கவைக்கும், கசப்பு விழுங்கிய பிறகும் நாக்கில் நிற்கும். ஒவ்வொரு முறை கிரைண்டரைத் திருப்பிய பிறகும் இரண்டு மூன்று கிராம் அரைத்துக் கொட்டிவிடுங்கள். உள்ளே தங்கிய பழைய அரைவை அடுத்த ஷாட்டில் கலந்து தப்பான முடிவைக் காட்டும்.

நேரம் சரியாக இருந்தும் புளிப்பும் கசப்பும் சேர்ந்தே வந்தால் குறை அரைவையில் இல்லை. தூளுக்குள் ஏதோ ஓரிடத்தில் தண்ணீர் வழி கண்டுபிடித்துக்கொண்டு அதிலேயே பாய்கிறது. மூன்றாம், நான்காம் படிகளைக் கவனமாகச் செய்யுங்கள்.

கருமையான வறுவலுக்கு நீரின் சூட்டை 90 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறக்கலாம். வெளிர் வறுவலுக்கு 94 முதல் 96 வரை ஏற்றி, காபியையும் 45 கிராம் வரை இழுக்கலாம்.

பால் நுரை

காபிக்கும் ஸ்டீமுக்கும் ஒரே பாய்லர் உள்ள மெஷினில் காபியை முதலில் இறக்கிவிட்டு, அப்புறம் ஸ்டீமுக்கு மாறுங்கள். 350 மி.லி. ஜாடியில் 150 மி.லி. பால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு. ஸ்டீம் குழாயில் தேங்கிய தண்ணீரை முதலில் வெளியே பீய்ச்சிவிடுங்கள், இல்லாவிட்டால் அது பாலில்தான் சேரும்.

குழாயின் முனையைப் பாலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, நடுவிலிருந்து விலக்கி வைத்து ஸ்டீமை முழுதாகத் திறங்கள். காகிதம் கிழிவது போன்ற சத்தம் விட்டு விட்டுக் கேட்க வேண்டும். அதுதான் காற்று உள்ளே போகும் சத்தம். லாட்டேக்கு மூன்று நான்கு விநாடி, கப்புசினோவுக்கு அதன் இரு மடங்கு. ஜாடி உடம்புச் சூட்டுக்கு வருவதற்குள் காற்று சேர்ப்பதை முடித்துவிட்டு, முனையை ஒரு சென்டிமீட்டர் உள்ளே இறக்கிப் பாலைச் சுழலவிடுங்கள். பெரிய குமிழ்களை உடைத்து நுரையை மென்மையாக்குவது இந்தச் சுழல்தான். ஜாடியைத் தொட்ட விரலை வைத்திருக்க முடியாத நிலை வந்ததும் நிறுத்துங்கள், அது சுமார் 60 டிகிரி. 70-ஐத் தாண்டினால் இனிப்பு மங்கி, காய்ச்சிய பால் வாடை வரும்.

ஜாடியை மேசையில் ஒரு தட்டு தட்டி, பால் பளபளக்கும்வரை சுழற்றி உடனே ஊற்றுங்கள். மொத்தம் 150 முதல் 180 மி.லி., மேலே ஒரு சென்டிமீட்டர் நுரை என்றால் கப்புசினோ. லாட்டேக்கு 240 மி.லி.யும் மெல்லிய நுரையும். பாலையும் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்டீம் குழாயை அந்த நொடியே ஈரத்துணியால் துடைத்து, ஒருமுறை பீய்ச்சுங்கள். காய்ந்த பால் பிறகு எளிதில் போகாது, முனையின் துளையையும் அடைக்கும். ஒரே பாய்லர் மெஷின் என்றால், சீறல் அடங்கி வெறும் தண்ணீர் வரும்வரை ஓடவிட்ட பிறகே அடுத்த ஷாட். அந்தச் சூட்டில் போட்டால் காபி தீய்ந்த சுவை தரும்.