இயேசுவைப் போல நடக்க, வாரம் ஒரு காட்சி

"இனி இயேசுவைப் போலவே வாழ்வேன்" என்று மொத்தமாக முடிவெடுத்தால் திங்கட்கிழமை மதியத்துக்குள் மறந்துவிடும். அதற்குப் பதில், வாரத்துக்கு ஒரே ஒரு நற்செய்திக் காட்சியை எடுங்கள். மாற்குவில் தொடங்கலாம், பைபிளின் நான்கு நற்செய்தி நூல்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரம்.

அவர் என்ன சொன்னார் என்பதைவிட என்ன செய்தார் என்று பாருங்கள். மாற்கு 5-இல் ஜெப ஆலயத் தலைவர் யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள். அவளைக் காப்பாற்ற இயேசு போகிற வழியில், 12 வருடம் இரத்தப்போக்கால் தவித்த பெண் கூட்டத்துக்குள் அவர் உடையைத் தொடுகிறாள். அவ்வளவு அவசரத்திலும் அவர் நிற்கிறார், யாரென்று தேடுகிறார், அவள் சொல்வதை முழுசாகக் கேட்கிறார்.

சரி, இது மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் எப்படி இருக்கும்? உங்கள் பஸ் கிளம்பப் போகிறது. ஒரு பாட்டி, "ஏம்ப்பா, திருச்சி பஸ்ஸு எங்கன நிக்கும்?" என்கிறார். ஓடிக்கொண்டே கையைக் காட்டுவது எல்லாரும் செய்வது. பையை வாங்கிக்கொண்டு, அந்த பஸ் வரை கூடப் போய் ஏற்றிவிடுங்கள். உங்களுக்கு அடுத்த பஸ் வரும். (அந்த வசனத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது கணக்கில் சேராது.)

அடுத்த வாரம் யோவான் 13, சீடர்களின் காலைக் கழுவியது. வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்ததும் காபி டம்ளர்களை யார் கழுவுகிறார்கள் என்று கவனியுங்கள். ஆண்கள் முக்கியமாக.

காட்சியை ஒரு வரியில் எழுதி போன் அலாரத்துக்குப் பெயராக வையுங்கள். சனிக்கிழமை இரவு மாற்றினால் போதும்.