எழுத்தாகும் எண்கள்: இணைய விளையாட்டின் குழூஉக்குறியைப் படிப்பது எப்படி?

சென்ற கோடை விடுமுறையில், அம்பாசமுத்திரத்தில் தங்கை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்த என் மருமகன், "எலேய், நான் நாக் ஆயிட்டேம்லே, ஜோன் வருது, ஓடி வந்து ரிவைவ் குடுலே" என்று திடீரெனக் கத்தினான். அடுத்த நொடியே "என்னைக் கொன்னுட்டாம்லே" என்று அவன் போட்ட சத்தத்தில், அடுக்களையில் உளுந்து களைந்துகொண்டிருந்த அவனுடைய ஆச்சி பதறிப்போய் ஈரக் கையோடு வாசலுக்கு வந்துவிட்டார். ஆட்டத்தில் அடிபட்டு விழுந்தும் இன்னும் வெளியேறாத நிலைக்கு நாக் என்றும், கூட்டாளி அருகில் வந்து எழுப்பிவிடுவதற்கு ரிவைவ் என்றும், களத்தைச் சுற்றிச் சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்கு ஜோன் என்றும் பெயர் என அன்று மாலை அவனிடம் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அந்தக் குறிப்பேடு நிறைந்த பிறகு, வீட்டில் விளையாடும் பிள்ளை இருந்தும் அதன் பேச்சு புரியாமல் தவிக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், இது அர்த்தமற்ற உளறல் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றும் தமக்குள் வழங்கியதை நம் இலக்கண நூலார் குழூஉக்குறி என்று வகுத்தனர். திருநெல்வேலியை நெல்லை என்றும் அம்பாசமுத்திரத்தை அம்பை என்றும் நாம் சுருக்குவது மரூஉ. பாளையங்கோட்டையில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், விளையாட்டுப் பேச்சில் புதிதாக ஒரு சொல் காதில் விழுந்தால், அது சுருங்கிய சொல்லா, பழைய சொல்லுக்குக் கூட்டத்தார் ஏற்றிய புதுப்பொருளா, அல்லது எழுத்துக்குப் பதில் எண்ணை வைத்து எழுதியதா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டாலே பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

மூன்றாவது வகைதான் பார்த்தவுடன் மிரட்டும்; ஆனால் தமிழருக்கு அது புதிதன்று. பழைய தமிழ் எண்களில் ஒன்றின் குறி 'க' போலவும், இரண்டு 'உ' போலவும், ஏழு 'எ' போலவும், எட்டு 'அ' போலவும் இருக்கும். கால் என்ற பின்னத்துக்கு 'வ' எழுதுவார்கள். எட்டும் காலும் சேர்ந்தால் 'அவ' ஆகிவிடுவதால்தான் 'எட்டேகால் லட்சணம்' என்பது அவலட்சணம் என்ற வசையானது. இணையக்காரர்கள் செய்வது இதே வேலைதான், திசை மட்டும் மாறியிருக்கிறது. அவர்கள் ஆங்கில எழுத்தின் உருவத்தைப் போன்ற எண்ணை அந்த எழுத்தின் இடத்தில் வைக்கிறார்கள். 4 என்றால் ஏ, 3 என்றால் கண்ணாடியில் திரும்பிய ஈ, 0 என்றால் ஓ, 5 என்றால் எஸ், 7 என்றால் டீ. 1 மட்டும் சில இடங்களில் எல் ஆகவும் சில இடங்களில் ஐ ஆகவும் வரும் என்பதால் சொல்லின் மற்ற எழுத்துகளை நிரப்பிய பிறகே அதைத் தீர்மானிக்க வேண்டும். இந்த முறைப்படி 1337 என்பதை 'லீட்' என்று படிக்கலாம். இந்த எழுத்துமுறைக்கே அதுதான் பெயர். மேட்டிமை என்ற பொருளுள்ள 'எலீட்' என்ற சொல்லின் சிதைவு அது. 1980களில், தொலைபேசி வழியே கணினிகளை இணைத்துச் செய்தி பரிமாறிய குழுக்களில், எல்லாருக்கும் கிடைக்காத கோப்புகளைத் திறக்க அனுமதி பெற்றவர்கள் தங்களை அப்படி அழைத்துக்கொண்டார்கள். ஒருபுறம் பெருமை, மறுபுறம், தடை செய்யப்பட்ட சொற்களைத் தேடும் வடிகட்டிகளின் கண்ணில் படாமல் எழுதும் உபாயம். 31337 என்று முன்னால் ஒரு 3 சேர்த்தால் 'எலீட்' முழுதாகவே வந்துவிடும். 1998இல் வெளியான பேக் ஆரிஃபிஸ் என்ற ஊடுருவல் மென்பொருள் தன் இணைப்பு வாயிலுக்கு இந்த எண்ணையே வைத்துக்கொண்டது.

ஓர் எச்சரிக்கை. எல்லா எண்ணும் உருவத்தால் படிக்கப்படுவதில்லை. ஜி, ஆர், 8 என்று எழுதினால் அது ஒலியால் படிக்க வேண்டிய 'கிரேட்'. ஒரு சொல்லை உருவத்தால் படித்துப் பொருள் வராவிட்டால் எண்ணின் ஆங்கிலப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிழைகளே நிலைத்துப்போன சொற்களும் உண்டு. ஒருவரை முற்றாக வென்றுவிட்டேன் என்பதற்குரிய 'ஓன்' என்ற சொல்லில், விசைப்பலகையில் ஓ எழுத்துக்குப் பக்கத்திலுள்ள பீ தவறி விழுந்து 'போன்' என்று ஆனது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

சுருக்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏஎஃப்கே என்றால் விசைப்பலகையை விட்டு எழுந்து போயிருக்கிறேன், பிஆர்பி என்றால் இதோ வந்துவிடுகிறேன், ஜிஎல்எச்எஃப் என்றால் ஆட்டம் நன்றாக அமையட்டும் என்ற வாழ்த்து. பிங் என்பது உங்கள் கருவியிலிருந்து செய்தி, ஆட்டத்தை நடத்தும் கணினியான வழங்கிக்கு (சர்வர்) சென்று திரும்ப ஆகும் நேரம், மில்லி நொடியில். அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ், இந்த நேரத்தை அளக்கும்படி 1983இல் எழுதிய நிரலுக்கு, நீர்மூழ்கியைத் தேடும் ஒலிக்கருவியின் ஓசையைப் பெயராக வைத்தார். அந்த எண் ஏறினால் ஆட்டம் தடுமாறும்; "லேக் அடிக்கி" என்று நம் பிள்ளைகள் புலம்புவது அதைத்தான். ஓர் ஆயுதத்தின் வலிமையை நிறுவனம் குறைத்துவிட்டால் அதற்கு நெர்ஃப் என்று பெயர். நுரைப்பஞ்சுக் குண்டு போடும் பொம்மைத் துப்பாக்கியின் பெயரிலிருந்து வந்தது. கூட்டினால் பஃப்.

பொருளைவிடத் தொனியைக் கற்பதுதான் கடினம், பெற்றோர் தவறுவதும் அங்கேதான். ஆட்டம் முடிந்ததும் 'ஜிஜி' என்று எழுதுவது, நல்ல ஆட்டம் என்று எதிரணியின் கையைக் குலுக்குவது போன்ற மரியாதை. அதனோடு 'ஈஸி' என்ற சொல்லைச் சேர்த்தால், உங்களை வெல்வது எளிதாக இருந்தது என்ற ஏளனம் ஆகிவிடும். 'நியூபி' என்றால் கற்க வந்த புதியவன், அதில் இழிவில்லை. அதிலிருந்து பிறந்த 'நூப்' கற்கவும் விரும்பாத கத்துக்குட்டி என்ற வசை. ஆனால் ஒரே தெருவில் வளர்ந்த பிள்ளைகள் "ஏ நூப்பு" என்று கூப்பிட்டுக்கொள்வதில், நாம் "எலேய்" என்பதில் இருப்பதைவிட அதிகக் கடுமை இல்லை. முகம் தெரியாதவன் சொன்னால் வேறு. ஆகவே யார் யாரிடம் சொன்னார்கள் என்று கேட்காமல் பிள்ளையைக் கண்டிக்காதீர்கள்.

'ஹேக்கர்' என்ற சொல் இன்னும் சிக்கலானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் மாதிரி ரயில் சங்க மாணவர்களிடையே 1950களின் இறுதியில் வழங்கியபோது அது திறமையான கைவேலைக்காரனைக் குறித்தது. செய்தித்தாளில் அது திருடன். விளையாட்டிலோ, சுவருக்குப் பின்னால் நிற்பவரைக் காட்டும் அல்லது தானாகக் குறிவைக்கும் மென்பொருளைக் கொண்டு ஏமாற்றுபவன்; தோற்ற கோபத்தில் நேர்மையாக வென்றவனையும் அப்படியே அழைப்பார்கள். பிறர் எழுதிய நிரலை இயக்கத் தெரிந்து, அதன் உள்வேலை தெரியாதவனை உண்மையான ஹேக்கர்கள் 'ஸ்கிரிப்ட் கிடி' என்று இளப்பமாகச் சொல்வார்கள்.

பழகும் வழி எளியது. ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், நாளொன்றுக்கு நான்கைந்து சொற்களை எழுதுங்கள், ஆட்டம் முடிந்த பிறகு பிள்ளையிடமே பொருள் கேளுங்கள். நடுவில் கேட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். கற்ற சொற்களை நீங்கள் பேசிக்காட்ட வேண்டாம். குழூஉக்குறி குழுவுக்கு உரியது.

'கில்', 'ஹெட்ஷாட்' என்ற சொற்களுக்குப் பதறாத காது, சில மென்மையான சொற்களுக்கு விழிக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு, 'இலவச டைமண்ட்' தருவதாக முகமறியாத ஒருவர் இணைப்பொன்றை அனுப்பினார். ஆட்டத்துக்குள் பொருள் வாங்கும் நாணயமே டைமண்ட். பையன் அந்தப் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்தான்; இரண்டு ஆண்டு ஆடிச் சேர்த்த கணக்கு கைமாறியது. "ஐடி போயிட்டு மாமா" என்று என்னிடம் வந்து அழுதான். இதற்குப் பெயர் ஃபிஷிங், தூண்டில் போடுதல். 'ஐடி டிரேட்' (விளையாட்டுக் கணக்கைக் கைமாற்றுவது), 'மாட் ஏபிகே' (பிறர் திருத்தி உலவவிட்ட செயலிக் கோப்பு), 'ஓடிபி சொல்லு' ஆகியவை காதில் பட்டால் உடனே விசாரியுங்கள். ஒருவரின் முகவரி, தொலைபேசி எண் முதலியவற்றைப் பழிவாங்க வெளியிடுவது 'டாக்ஸ்'; அந்த மிரட்டலை விளையாட்டென்று விடக்கூடாது. 'டெபாசிட்', 'வித்ட்ரா' என்று பேச்சு போனால் அது பணம் வைத்தாடுவது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அத்தகைய இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. பணம் பறிபோயிருந்தால், பிள்ளையைத் திட்டுவதில் நேரத்தைக் கழிக்காமல், உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பரிவர்த்தனை எண்ணோடு உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.