சைக்கிள் சக்கரத்தை டியூப்லெஸ் ஆக்கும் வழி: என் காற்று போனது டேப் வழியாக

தேவிபட்டினத்திலிருந்து திருப்பாலைக்குடிக்குத் தார்ச்சாலையை விட்டுவிட்டுக் கண்மாய்க்கரை வழியாகச் சைக்கிளில் போகிறவர்களுக்கு நான் எதற்காக இதை எழுதுகிறேன் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். நிற்கிற மரத்தால்கூடப் பெரிய தொல்லை இல்லை. கரிமூட்டத்துக்கு வெட்டி ஏற்றிப் போகும் டிராக்டர் உதிர்த்துவிட்டுப் போகிற காய்ந்த சுள்ளிதான் எமன். போன கோடையில் ஒரே மாதத்தில் எட்டு முறை டியூபுக்கு ஒட்டுப் போட்டேன். ஒன்பதாவது முறை ஒட்டாமல், மவுண்டன் பைக்கின் இரண்டு சக்கரங்களையும் டியூப்லெஸ் ஆக்கிவிட்டேன்; அதாவது டியூபே இல்லாமல் டயருக்குள்ளேயே காற்று நிற்கும்படி. கைவேலை ஒரு மணி நேரம்தான். எனக்கு நான்கு நாள் ஆனது.

சக்கரத்தைக் கழற்றுவது, டயரைப் பிரிப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். வாங்க வேண்டியவை: டியூப்லெஸ் டேப் (ரிம்மின் உட்புறத்தில் ஒட்டி ஸ்போக்ஸ் ஓட்டைகளை மூடுவதற்கு), டியூப்லெஸ் வால்வு, சீலண்ட் (டயருக்குள் ஊற்றினால் முள் குத்திய ஓட்டையைத் தானே அடைக்கும் பால் போன்ற திரவம்), ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு. சிரிஞ்சு மருந்துக்கடையில் கிடைக்கும். வாங்கும் முன் டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். ‘டியூப்லெஸ் ரெடி’ என்றோ ‘டிஎல்ஆர்’ என்றோ இருக்க வேண்டும். ரிம்மும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். சாதாரண டயரில் முயல வேண்டாம். அதன் ஓரம் ரிம்மை விட்டுத் தெறித்தால் முகத்துக்கு நேராகத்தான் தெறிக்கும்.

வால்வில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மெலிந்த பிரெஸ்டா வால்வுதான் உயர்ந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். உங்கள் ரிம்மின் ஓட்டை ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர் இருந்தால், மோட்டார் சைக்கிளில் வருகிற தடித்த ஷ்ரேடர் வகையிலேயே டியூப்லெஸ் வால்வு வாங்குங்கள். மண்டபத்திலோ சாயல்குடியிலோ எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றுக் குழாய் அப்படியே பொருந்தும். பிரெஸ்டாவை நீட்டினால் கடைக்காரர் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். ஓட்டை சிறியதாக இருந்தால் வேறு வழியில்லை, பிரெஸ்டாதான்; அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி டேப். நான் விழுந்த குழி இதுதான்.

என் ரிம்மின் உள் அகலம் 25 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் டேப்பே வாங்கி ஒட்டினேன். டயர் ஏறியது, காற்று நின்றது, மறுநாள் காலையில் சப்பையாகக் கிடந்தது. சீலண்ட் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். மூன்றாம் நாளும் அதே கதை. பஞ்சர் கடை அண்ணனிடம் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் சைக்கிள் டியூப்லெஸ்ஸை அதுவரை பார்த்ததே இல்லை. தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். டயரிலிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை. ஸ்போக்ஸ் கம்பிகள் ரிம்முக்குள் நுழையும் இடங்களில் பொறுபொறுவென்று வந்தது. “தம்பி, ஓட்டை கீழே இருக்கிறது, நீங்கள் மேலே பால் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள்” என்றார்.

குமிழி ஸ்போக்ஸ் அடியில் வந்தால் குற்றம் டேப்பில்தான்; வால்வைச் சுற்றி வந்தால் டேப்பாகவும் இருக்கலாம், வால்வு சரியாக உட்காராததாகவும் இருக்கலாம். டேப் ரிம்மின் உள் அகலத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் அதிகமாக இருக்க வேண்டும். நடுவில் உள்ள பள்ளத்தில் இறங்கி, இரண்டு ஓரச் சுவர்களிலும் சற்று ஏறி நிற்பதற்கு அந்த அகலம் வேண்டும். 28 வாங்கியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிப் பாதி உப்பு. நம் ஊரில் போர் தண்ணீரில் ரிம்மைக் கழுவினால் அது காய்ந்ததும் வெள்ளைப் படலம் நிற்கும். அந்தப் படலத்தின் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. நல்ல தண்ணீரில் கழுவுங்கள். குடம் வேண்டாம், ஒரு சொம்பு போதும். துடைத்துக் காயவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். பிறகு ரிம்மின் உட்புறத்தை விரலால் தொடவே கூடாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இதை வாசலில் உட்கார்ந்து செய்ய வேண்டாம். மணல் பறந்து வந்து பசையில் ஒட்டும். கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள்.

வால்வு ஓட்டைக்கு நேர் எதிரில் டேப்பைத் தொடங்கி, லேசாக நீளும் அளவுக்கு இழுத்துப் பிடித்தபடி இரண்டு சுற்று ஒட்டுங்கள். ஒவ்வொரு சாண் நீளத்தையும் கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்க வேண்டும். மின்சார வேலைக்கான இன்சுலேஷன் டேப் போதும் என்று சிலர் சொல்வார்கள். நம் வெயிலில் அதன் பசை உருகி நகர்ந்துவிடும். காசு மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள்.

வால்வு ஓட்டையைப் பிளேடால் பெருக்கல் குறி போட்டுக் கிழிக்காதீர்கள், கிழிசல் நீளும். கூர்மையான எதையாவது வைத்துச் சிறிய துளை போட்டு, வால்வை அதற்குள் நெருக்கித் தள்ளுங்கள். நான் சீமைக் கருவேல முள்ளாலேயே குத்தினேன். அதற்கு அது கடமைப்பட்டிருக்கிறது.

உடனே சீலண்ட் ஊற்ற ஓடாதீர்கள். வால்வைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுப் பழைய டியூபையே உள்ளே போட்டு, காற்றடித்து ஓர் இரவு விடுங்கள். டேப் நன்றாக அழுந்திவிடும். காலையில் ஒரு பக்க ஓரத்தை மட்டும் பிரித்து டியூபை உருவினால், மறுபக்க ஓரம் ரிம்மில் ஏறியபடியே இருக்கும். பாதி வேலை மிச்சம்.

வால்வை மாட்டி, அதன் உள்பின்னைக் கழற்றி, டயர் ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். இதற்கும் நல்ல தண்ணீர்தான். உவர் தண்ணீரில் நுரை வராது. காற்று ஒரே மூச்சில் போக வேண்டும். கைப்பம்பு பெரும்பாலும் தோற்கும், பஞ்சர் கடை கம்ப்ரசரில் நொடியில் முடியும். ‘டப், டப்’ என்று இரண்டு முறை சத்தம் கேட்டால் ஓரங்கள் உட்கார்ந்துவிட்டன. டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கிற உச்ச அழுத்தங்களில் எது குறைவோ அதைத் தாண்ட வேண்டாம்.

காற்றை இறக்கிவிட்டு, நன்றாகக் குலுக்கிய சீலண்டைச் சிரிஞ்சால் வால்வு வழியே ஏற்றுங்கள். 29 அங்குலச் சக்கரத்துக்கு 100 முதல் 120 மில்லிலிட்டர். பின்னை மாட்டிக் காற்றடித்து, சக்கரத்தைச் சுழற்றி, ஒரு வாளியின் மேல், ஒவ்வொரு பக்கமாகப் பத்துப் பத்து நிமிடம் படுக்கவையுங்கள். என் எடை 68 கிலோ; முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ வைக்கிறேன். மணலில் இறங்கும்போது இன்னும் கொஞ்சம் குறைப்பேன்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்த நண்பர் ஒருவர் இரண்டே மாதத்தில் மறுபடி பஞ்சர் என்று எழுதினார். பிரித்துப் பார்த்தால் உள்ளே பால் இல்லை, காய்ந்த தோல்தான். வெப்பத்தில் சீலண்ட் சீக்கிரம் காயும். கோடையில் ஆறு வாரத்துக்கு ஒரு முறை பார்த்து நிரப்புங்கள்.

பின்சேர்க்கை 2: முள்ளுக்குச் சீலண்ட் போதும், சிப்பி கீறினால் போதாது. ரப்பர்த் திரியும் அதைச் செருகும் ஊசியும், கூடவே ஒரு டியூபும் பையில் இருக்கட்டும். வால்வு நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். நான் குறடு போட்டு இறுக்கியிருந்தேன். அரிச்சல்முனைப் பக்கம் டயர் பக்கவாட்டில் கிழிந்த அன்று, பையில் டியூப் இருந்தது. அதைப் போட வேண்டுமானால் டியூப்லெஸ் வால்வைக் கழற்ற வேண்டும்; உப்புக் காற்றில் இறுகிப்போன நட்டு மட்டும் அசையவில்லை. முகுந்தராயர் சத்திரம் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.