ரெமிங்டன் 700 ரைஃபிளுக்கு மாற்று டிரிகர்: எதைப் பார்த்து வாங்குவது

டிரிகரை மாற்றினால் குழல் துல்லியமாகிவிடாது. விரல் இழுக்கும் நொடியில் துப்பாக்கி எவ்வளவு அசைகிறது என்பது மட்டும்தான் மாறும். எனவே செலவு செய்வதற்கு முன், தோட்டா இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, ஸ்கோப் வழியே இலக்கைப் பார்த்தபடி இருபது முறை வெற்றாகச் சுட்டுப் பாருங்கள். சுடும் ஊசி விழும்போது ஸ்கோப்பின் குறுக்குக்கோடு துள்ளினால் டிரிகரைச் சந்தேகிக்கலாம். துள்ளாமலே தாளில் துளைகள் சிதறுகின்றனவா? தோட்டா, ஸ்கோப் வளையம், துப்பாக்கிக் கட்டையைப் பிடிக்கும் திருகுகள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். டிக்கா டி3எக்ஸ் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதன் சொந்த டிரிகரே ஏறக்குறைய 1 முதல் 2 கிலோ வரை திருகிச் சரிசெய்யக்கூடியது.

1962-இல் வந்த ரெமிங்டன் 700-இன் அமைப்பையே, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டை) தாங்கும் உலோகப் பகுதியாகத் தனியே விற்கப்படும் பல ஆக்‌ஷன்களும் பின்பற்றுவதால், மாற்று டிரிகர்களில் அதிகத் தேர்வு இதற்குத்தான். பழைய துப்பாக்கி வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை தயாரான, ரெமிங்டனின் சொந்த எக்ஸ்-மார்க் ப்ரோ டிரிகர்கள், உள்ளே பசை அதிகமாகிப்போனதால் தானாகச் சுடக்கூடும் என்று 2014-இல் திரும்ப அழைக்கப்பட்டன. அது சரிசெய்யப்பட்டதா என்று தெரியாவிட்டால் தோட்டா போடவே வேண்டாம்.

டிரிகர் விடுபட விரல் தர வேண்டிய இழுவிசையை, அதாவது டிரிகர் எடையை, வேலைதான் தீர்மானிக்க வேண்டும். கையுறையோடு வேட்டைக்குப் போகிறவருக்கு 2.5 முதல் 3 பவுண்டு. படுத்தும் சாய்ந்தும் சுடும் போட்டிகளுக்கு 1 முதல் 1.5 பவுண்டு. மேசையில் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட்டுக்கு மட்டும் அவுன்ஸ் கணக்கு. போட்டி விதியையும் படியுங்கள்: 300 மீட்டர் ஸ்டாண்டர்ட் ரைஃபிளில் 1,500 கிராமுக்குக் குறையக் கூடாது.

மாற்று டிரிகர்களில் டிம்னி 510, ட்ரிகர்டெக் ப்ரைமரி இரண்டும் 1.5 முதல் 4 பவுண்டு வரை; ட்ரிகர்டெக் ஸ்பெஷல் 1 முதல் 3.5, டயமண்ட் 4 அவுன்ஸ் முதல் 2 பவுண்டு. உங்களுக்கு வேண்டிய எடை அந்த வரம்பின் நடுவில் விழும் மாதிரியை எடுங்கள். கடைசி நுனிவரை தளர்த்தி ஓட்டும் டிரிகரில் எடை ஒரே மாதிரி நிற்காது.

ஒற்றை நிலையா, இரட்டை நிலையா? ஒற்றையில் விசை சுவர்போல் நின்று சட்டென விடும். இரட்டையில் முதல் பகுதி எடையை வாங்கிக்கொள்ள, விரல் சுவரை உணர்ந்த பிறகு மிச்சம் சில அவுன்ஸ்தான். குளிரில் விரல் மரத்துப்போகிறவர்களுக்கு இரட்டை நிலையே பாதுகாப்பு. விரல் அழுத்தும் நாக்கு தட்டையா வளைவா என்பது பெரும்பாலும் விருப்பம்தான்; ஆனால் தட்டையில் விரல் கீழே இறங்கினால் நெம்புகோல் நீண்டு எடை குறைந்ததாகத் தெரியும். எடையை அளக்கும்போது அளவியின் கொக்கியை ஒரே இடத்தில் மாட்டுங்கள். பத்து முறை அளந்து, சராசரியைப் பார்ப்பதைவிட, பெரியதுக்கும் சின்னதுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்.

தூசிதான் பெரிய எதிரி. ஜுவெல் மாதிரியான மிக நுண்ணிய டிரிகர்கள் பெஞ்சில் அருமை. புழுதியில் படுத்துச் சுடும் போட்டியில் மணல் புகுந்து மக்கர் செய்யும். ட்ரிகர்டெக்கில் உரசும் பரப்புக்குப் பதில் உருளை இருக்கிறது. எதுவானாலும் உள்ளே எண்ணெய் விடாதீர்கள்: அது தூசியைப் பிடிக்கும், குளிரில் கெட்டியாகும். லைட்டர் திரவத்தால் கழுவி உலரவிட்டால் போதும்.

ஆர்டர் போடும்போதே போல்ட்டை விடுவிக்கும் நெம்பு டிரிகரில் இருக்க வேண்டுமா என்று பாருங்கள். ரெமிங்டன் ஆக்‌ஷன்கள் பலவற்றுக்கு வேண்டும். பக்கவாட்டில் சொந்த நெம்பு உள்ள ஆக்‌ஷன்களுக்கு வேண்டாம். பொருத்தும்போது பழைய டிரிகரைப் பிடித்திருக்கும் இரண்டு ஆணிகளைத் தட்டி எடுக்க வேண்டும். பின்பக்க ஆணியோடு போல்ட் நிறுத்தியும் அதன் சுருளும் தெறித்துவிடும், கையை வைத்துக்கொள்ளுங்கள். கட்டையில் இறக்கியதும் சேஃப்டி நெம்பு மரத்தை உரசுகிறதா, நாக்கு அதைச் சுற்றியுள்ள வளையத்தில் இடிக்கிறதா என்று பாருங்கள். உரசினால் கட்டையைத்தான் செதுக்க வேண்டும், டிரிகரை அல்ல. ஊசியைப் பிடித்து நிறுத்தும் சியரின் பிடிப்புத் திருகுக்கு ஆலை முத்திரை இருந்தால் அதைத் தொடவே கூடாது.

திருகுகளை இறுக்கிய பிறகுதான் சோதனை. அதற்கு முன் செய்தால் கட்டை அழுத்துவது தெரியாது. தோட்டா இல்லாமல், குழல் பாதுகாப்பான பக்கம் நோக்கி:

1. போல்ட்டைப் பத்து முறை ஓங்கிச் சாத்துங்கள், பிறகு பத்து முறை மெதுவாக. ஊசி ஒருமுறைகூட விழக் கூடாது.
2. சேஃப்டியைப் போட்டு நாக்கை அழுத்தி விடுங்கள். பிறகு சேஃப்டியை எடுங்கள். அப்போதும் விழக் கூடாது.
3. கட்டையின் அடியை ஓர் அடி உயரத்திலிருந்து ரப்பர் பாயில் தட்டுங்கள். ஊசி விழக் கூடாது.

ஒன்றில் தவறினாலும் எடையைக் கூட்டி மூன்றையும் மறுபடி செய்யுங்கள். மீண்டும் தவறினால் கழற்றி விற்றவரிடமோ துப்பாக்கி வல்லுநரிடமோ கொடுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1959 ஆயுதச் சட்டத்தில் ஆயுதத்தின் பாகங்களும் ஆயுதம் என்றே வருகின்றன. அமெரிக்கக் கடையிலிருந்து தபாலில் வரவழைக்கும் எண்ணம் வேண்டாம். உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.