சாயப்பட்டறையிலிருந்து துணி எப்போது வரும்?

திருப்பூரில் ஒரு பனியன் ஆர்டருக்கு நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது), சாயம், காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்திச் சீராக்குவது) என்று துணி மூன்று கை மாறும். மூன்றும் தனித்தனி கம்பெனி. துணியை வெட்டி பனியனாக்கும் எங்களுக்குத் தலைவலி சாயத்தில்தான். "நாளைக்கு ஏத்திடறோங்ணா" என்பார்கள். அதை நம்பி கட்டிங் மாஸ்டரை வரச் சொன்னால் அன்றைய கூலி வீண்.

சாஃப்ட்வேர் வாங்கச் சொன்னார்கள். நம்மிடம் மட்டும் இருந்து என்ன பயன்? கூகுள் ஷீட் ஒன்றைத் திறந்து, பட்டறை சூப்பர்வைசருக்கும் காம்பேக்டிங்காரருக்கும் பகிர்ந்தேன். ஒவ்வொரு வரிக்கும் அடையாளம் டெலிவரி சலான் எண். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியே கூலிக்குச் செய்து வாங்க, போகும் துணியோடு அது எப்படியும் போகிறது, புதிதாக யாரும் நம்பர் போட வேண்டியதில்லை. நிலையை டைப் செய்யவிடாமல் பட்டியலில் தேர்ந்தெடுக்க வைத்தேன்: மெஷினில் ஏறியது, ஷேடு ஓகே (நிறம் ஒத்தது), காய்கிறது, லோடு ஏறியது. அவரவர் கட்டங்களை மட்டும் அவரவர் திருத்தலாம், மற்றவை பூட்டியிருக்கும்.

பட்டறைக்காரர் முதலில் ஒப்பவில்லை. மற்ற பார்ட்டிகளின் விவரம் கசிந்துவிடுமோ என்ற பயம், நியாயமானதுதான். எங்கள் லாட் (சேர்த்து அனுப்பும் துணித் தொகுதி) மட்டும் உள்ள தனி ஷீட் என்று காட்டினேன். அப்புறம் எங்கள் கட்டிங் தேதியையும் அதில் போட்டதும் சரி என்றார். எந்த லாட் அவசரம் என்று அவருக்கும் தெரிய வேண்டுமே.

எடைச் சண்டையும் குறைந்தது. சாயம் முடிந்த துணி எடை குறைந்துதான் வரும். யாரிடம் எவ்வளவு குறைந்தது என்பதில்தான் தகராறு. இப்போது அந்தந்த இடத்திலேயே எடை பதிவாகிறது. ஷேடு ஒத்துவராமல் மறுசாயம் போடுவதை மட்டும் யாரும் உடனே குறிப்பதில்லை. அதற்கு இன்றும் போன்தான்.