"நம்ம துட்டைத்தானே எடுக்கிறோம்?": சிக்கனக் குடித்தனத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரையில் புது நோட்டு வாங்கி ஆண்டுக் கணக்கு எழுதத் தொடங்கும் பல வீடுகள், ஆனி முடிவதற்குள் கடனில் நிற்கின்றன. செலவாளிகள் என்பதால் அல்ல. டீக்கடைச் செலவைக்கூடக் குறித்து வைக்கிறவர்கள்தான். நாங்கள் எல்லாம் ஒரு காலத்தில் செய்த பிழைகளை வரிசைகூட மாறாமல் செய்கிறார்கள், அவ்வளவுதான். வெளியில் சாப்பிடாதே, விளக்கை அணை என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாமல் யாரும் கணக்கு நோட்டு வாங்குவதில்லை.

மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்குவது

பீடி சுற்றும் வீட்டிலும், ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் வீட்டிலும், கொத்தனார் வீட்டிலும் வருமானம் பன்னிரண்டு சம பங்காக வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டட வேலை படுத்துவிடும். ஆர்டர் குறைந்தால் தோல் வேலையில் நாள் குறையும். மாதம் 15,000 வந்தால் ஆண்டுக்கு 1,80,000 என்று எழுதாதீர்கள். பத்து மாதமே போட்டு 1,50,000 என்று எழுதுங்கள்.

அதில் முதலில் கழிக்க வேண்டியவை ஆண்டுக்கு ஒருமுறை, இருமுறை வருகிற செலவுகள். ஜூனில் பள்ளிக் கட்டணம், ஆடியில் கூழ் ஊற்றுவது, தீபாவளி, பொங்கல், வண்டி இன்சூரன்ஸ். குடியாத்தம்காரர்கள் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வரும் உறவுக் கூட்டத்தையும் சேர்க்க வேண்டும். இவையெல்லாம் சேர்ந்து 42,000 என்றால், மிச்சம் 1,08,000. மாதச் செலவுக்கு 9,000. கையில் 15,000 வருகிற மாதத்திலும் 9,000-தான். இந்த இடத்தில்தான் பலருக்கு முகம் மாறும்.

மாநகராட்சி எல்லைக்குள் சொந்த வீடு இருந்தால் இன்னொன்று: அரையாண்டுச் சொத்து வரியை ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் கழிவு உண்டு. தாமதித்தால் அதன் மேல் அபராதம் ஏறும்.

ஏலச்சீட்டை ஆரம்பத்திலேயே தள்ளி எடுப்பது

இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். சீட்டு தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். ஏலத்துக்குப் போய்த் தள்ளி எடுத்துவிட்டு (சீட்டுத் தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, மீதியை முன்கூட்டியே வாங்கிவிட்டு), "நம்ம துட்டைத்தானே எடுக்கிறோம், வட்டியா கட்டறோம்?" என்று ஒரு கேள்வி. வட்டிதான் கட்டுகிறீர்கள். அதுவும் நகைக்கடனைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

50,000 ரூபாய் சீட்டு, 20 பேர், 20 மாதம், மாதம் 2,500 என்று வைத்துக்கொள்வோம். முதல் சீட்டு, சீட்டு பிடிக்கிறவருக்கு. இரண்டாம் மாத ஏலத்தில் போட்டி. 15,000 தள்ளி ஒருவர் எடுக்கிறார்; கையில் வருவது 35,000. தள்ளிய 15,000 இருபது பேருக்கும் தலைக்கு 750 கசராக, அதாவது கழிவுப் பங்காகப் பிரியும். எனவே அந்த மாதம் கட்ட வேண்டியது 1,750. தள்ளு மாதாமாதம் ஒரே அளவில் குறைந்து, கடைசி மாதம் ஒன்றுமில்லாமல் ஆகிறது என்று கொண்டால், ஒவ்வொருவருக்கும் மொத்தக் கசர் 7,125. ஆக இருபது மாதத்தில் ஒவ்வொருவரும் கட்டுவது 42,875.

இப்போது அந்த "நம்ம துட்டு" எவ்வளவு என்று பாருங்கள். முதல் மாதம் 2,500, இரண்டாம் மாதம் 1,750. மொத்தம் 4,250. கைக்கு வந்த 35,000-இல் அதைக் கழித்தால் 30,750. அது அத்தனையும் மற்றவர்கள் பணம். அதற்காக அடுத்த 18 மாதத்தில் கட்டுவது 38,625. கூடுதலாகப் போவது 7,875. நூற்றுக்கு மாதம் இரண்டரை வட்டியை ஒட்டி வருகிறது. ஆண்டுக்கு 28 முதல் 30 சதவீதம்.

அதே 30,750-ஐ வீட்டிலிருக்கும் நகையை வைத்து, 12 சதவீத ஆண்டு வட்டியில், 18 மாதம் சமமாகக் கட்டித் தீர்த்தால் வட்டி 3,000 ரூபாய்ப் பக்கம்தான் வரும். மிச்சம் கிட்டத்தட்ட 4,900. மேலே போட்ட கணக்கில் பாதி மாதச் செலவுக்கு மேல் அது. நகை இல்லையென்றால் மகளிர் குழுவின் உள்கடன். ஒரு வட்டி, இரண்டு வட்டி என்று குழுவுக்குக் குழு மாறும். இரண்டு வட்டியே என்றாலும் இதைவிடக் குறைவு, அந்த வட்டியும் குழுவின் பெட்டிக்குத்தான் திரும்புகிறது.

இதே சீட்டில் கடைசி மாதம் எடுப்பவர் 42,875 கட்டி 50,000 வாங்குகிறார். அவருக்கு 7,125 லாபம். இருவரும் ஒரே தொகையைக் கட்டுகிறார்கள். எடுத்த மாதம் மட்டும் வேறு. சீட்டு கெட்டதில்லை. கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு, முதலில் எடுப்பவருக்கு அது கடன். எதற்காகச் சேர்கிறோம் என்று தெரியாமல் சேர்வதுதான் பிழை.

ஏலத்துக்குப் போகுமுன் காகிதத்தில் இதைப் போடுங்கள். கையில் வரும் தொகையிலிருந்து இதுவரை கட்டியதைக் கழித்தால் உண்மையான கடன். இனிக் கட்டப்போவதில் அந்தக் கடனைக் கழித்தால் வட்டி. அந்த வட்டியைக் கடனால் வகுத்து, மீதி மாதத்தில் பாதியாலும் வகுத்து, நூறால் பெருக்கினால் மாத வட்டி தோராயமாக வரும். கொஞ்சம் கூட்டியே காட்டும், பரவாயில்லை. ஒன்றரைக்கு மேல் வந்தால் ஏலத்தில் வாயைத் திறக்காதீர்கள்.

பள்ளிக் கட்டணத்துக்கென்றே சீட்டுப் போடுவதானால் தலைகீழாகக் கணக்கிட வேண்டும். 20 மாதச் சீட்டு அக்டோபரில் தொடங்கினால், இரண்டாம் ஆண்டு மே மாதம் முடியும். ஜூன் கட்டணத்துக்குப் பணம் முழுதாகக் கையில் இருக்கும். நடுவில் வரும் ஒரு ஜூனுக்கு மட்டும் வேறு வழி பார்க்க வேண்டும். பள்ளியில் தவணை கேட்டுப் பாருங்கள். கேட்க வெட்கப்பட்டு 7,875 கொடுப்பது எந்த ஊர் கௌரவம்?

கடைசி வரை காத்திருப்பவருக்கு ஆபத்தும் உண்டு. சீட்டு உடைந்தால் முழுதாகப் போவது அவர் பணம்தான். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டு நடத்தப் பதிவு கட்டாயம். பதிவுச் சீட்டில் நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதம் வரை போகலாம் (2019 வரை 5 சதவீதமாக இருந்தது). மேலே போட்ட கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கமிஷன் இல்லை என்பதற்காகப் பதிவில்லாத சீட்டில் சேர்ந்தால், நாளைக்கு முறையிட்டுப் பணம் வாங்குவது கடினம்.

தண்டல் வாங்குவது

கையில் 8,500 கொடுத்து, ஒரு நாளைக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பார்கள். மாதம் பத்து வட்டி. வேண்டாம்.

பிறருக்காகக் குழுக்கடன் எடுத்துக் கொடுப்பது

"உன் பேரில் எடுத்துக் கொடு அக்கா, வாரா வாரம் நான் கட்டிடறேன்." நோட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து. ஐந்தாவது வாரம் அவர் ஊரில் இருக்க மாட்டார். உதவ நினைத்தால் திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கைமாத்தாகக் கொடுங்கள். தேதியை இரண்டு வீட்டு நோட்டிலும் எழுதுங்கள்.

மொய்யை வரவில் எழுதுவது

அது கடன் பக்கம்.

இரண்டு குடித்தனம், ஒரே மீட்டர்

அண்ணன் தம்பி ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு வைத்திருந்தாலும் கரண்ட் இணைப்பு ஒன்றுதான் என்றால், இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் கீழ் அடுக்கின் சலுகை விலையும் போய்விடும். 2022 கட்டணப் பட்டியலில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501-க்கு 1,958 என்று இருந்தது. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233. சித்திரை வெயிலில் ரீடிங் தேதிக்குப் பத்து நாள் முன்பே மீட்டரை எட்டிப் பார்த்தால் போதும்.

கூட்டாக வாங்கும்போது கூட்டத்தைக் கூட்டுவது

மூன்று வீடு சேரலாம், நான்கு சேரலாம். பத்து வீடு சேர்ந்தால் ஒருவர் தலையில் வேலை, ஒன்பது பேர் வாயில் குறை. பணம் முதலில் கைக்கு வர வேண்டும். எடை எல்லோர் முன்னிலையிலும் போட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கூட்டாக வாங்க ஏற்றது மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய். வீட்டுக்கு மாதம் மூன்று லிட்டர் என்றால், மூன்று வீட்டுக்கு நான்கு மாதத்துக்கு 36 லிட்டர். லிட்டருக்கு இரண்டரை கிலோ பருப்பு என்ற கணக்கில் 90 கிலோ பருப்பு வேண்டும். ஆட்டக் கொடுக்குமுன் இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் குறையும், அடுப்பில் நுரைக்கும், சீக்கிரம் சிக்கு வாடை வரும். பூஞ்சை பிடித்த, கறுத்த பருப்பைப் பொறுக்கி எறியுங்கள். எடை போகிறதே என்று பார்க்காதீர்கள். பிண்ணாக்கை மில்லிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. அது உங்கள் பணம். மாடு வைத்திருக்கும் வீட்டுக்குக் கொடுத்தால் ஆட்டுக்கூலியில் ஒரு பகுதி திரும்பிவிடும். எண்ணெயை உடனே பிரிக்காமல் மூன்று நாள் அசையாமல் வைத்து, தெளிந்ததை மட்டும் ஈரமில்லாத எவர்சில்வர் தூக்கில் பிரித்துக்கொள்ளுங்கள். அடியில் நிற்கும் மண்டி விளக்குக்கு ஆகும்.