‘முகத்தைப் பார்த்தாலே தெரியும்’ என்று நினைக்காதீர்கள்: சிகரெட் விற்கும் கடைகளில் நடக்கும் தவறுகள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கிற கடையில் பத்து வருடத்துக்கு மேலாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். சிகரெட் கேட்டு வருகிறவர்களின் வயது, பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்றுதான் நானும் நம்பினேன். ஒருநாள் தாடி வைத்த, குரல் கனத்த ஒருவர் வந்து ஒரு பாக்கெட் கேட்டார். ஏதோ தோன்றி ஐசி, அதாவது அடையாள அட்டை, கேட்டேன். அட்டையில் வயது 17. அதே வாரம், பள்ளிப் பிள்ளை என்று நான் நினைத்த ஒரு பெண் சிரித்துக்கொண்டே அட்டையை நீட்டினார், அவருக்கு 28. முகத்தைப் பார்த்து வயது சொல்லும் பழக்கத்தை அன்றோடு விட்டேன். இப்போது இளமையாகத் தெரிகிற எல்லோரிடமும் கேட்கிறேன். முப்பது வயதுக்காரரிடம் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, சந்தோஷம்தான் படுகிறார்கள்.

சிங்கப்பூரில் சிகரெட் வாங்குவதற்கான வயது வரம்பு ஒரேயடியாக ஏறவில்லை. 18 ஆக இருந்தது 2019 ஜனவரி 1-இல் 19 ஆனது, அடுத்த ஆண்டு 20, 2021 ஜனவரி 1 முதல் 21. நீண்ட காலம் கடை நடத்துபவர்கள் சிலருக்கு மனத்தில் இன்னும் 18 தான் நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிற தம்பிகளுக்கும் அப்படித்தான். ஊரில் 18 என்று பழகியவர்கள். இரவு நேரத்தில் அவர்களைத் தனியாகக் கல்லாவில் விடுவதற்கு முன்னால் இதை உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

ஏன் 21? சட்டத்தை மாற்றும்போது சுகாதார அமைச்சு சொன்ன காரணம் எனக்கு மறக்கவில்லை. இங்கே புகைபிடிப்பவர்களில் 95 விழுக்காட்டினர் முதல் சிகரெட்டை 21 வயதுக்கு முன்பே தொட்டவர்கள். 45 விழுக்காட்டினர் 18-க்கும் 21-க்கும் இடையில்தான் வழக்கமாகப் புகைக்கத் தொடங்கியவர்கள். அந்த மூன்று வருடம் அவர்கள் வந்து நிற்பது நம் கல்லாவுக்கு முன்னால்தான்.

அட்டையை வாங்கிப் பார்ப்பதிலும் தவறு நடக்கிறது. படத்தைப் பார்த்து, ‘சரி, இவர்தான்’ என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்; பிறந்த தேதியைப் பார்ப்பதே இல்லை. இன்னும் சிலர் தேதியை மட்டும் பார்க்கிறார்கள், படத்தைப் பார்ப்பதில்லை. அண்ணனின் அட்டையோடு வருகிற தம்பிக்கு அது போதும். அடையாள அட்டை எண் ‘டி05’ என்று தொடங்கினால் 2005-இல் பிறந்தவர் என்று ஒரு குறுக்குவழி உண்டு. ஆனால் 2005-இல் பிறந்தவர்களில் ஒருவருக்கு 2026 ஜனவரியிலேயே 21 ஆகிவிடும், இன்னொருவருக்கு டிசம்பர் கடைசியில்தான் ஆகும். வேலை அனுமதியில் இருப்பவர்களின் எண்ணுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. கூட்ட நேரத்தில் மனக்கணக்கு தப்பும். அதனால் தினமும் கடை திறந்ததும் ஒரு சின்ன அட்டையில், இன்றைக்குச் சரியாக 21 வருடத்துக்கு முந்திய தேதியை எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர் என்றால் இல்லை, அவ்வளவுதான். அட்டையைச் சிங்பாஸ் என்ற அரசாங்க அடையாளச் செயலியில் காட்டினால், என் கண்ணெதிரே செயலியைத் திறக்கச் சொல்வேன். போனில் சேமித்து வைத்த படம் செல்லாது.

ராணுவச் சீருடையைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. நாட்டுக்குக் காவல் நிற்கிற பிள்ளையிடம் வயது கேட்பதா என்று தோன்றும். கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக்கு 18 வயதிலேயே போகிறார்கள், இரண்டு வருடம் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு 21 ஆகியிருக்காது.

எனக்குக் கடினமாக இருந்தது தெரிந்தவர்கள் விஷயம். மாமா கடை, அதாவது எங்களுடையதைப் போன்ற புளோக்குக் கீழ்ச் சின்னக் கடை, என்றால் எல்லோரையும் தெரியும். குழந்தைத் தள்ளுவண்டியில் வந்த காலத்திலிருந்து நான் பார்த்து வளர்ந்த ஒரு பையன், ஒருநாள் இருபது வெள்ளியோடு (டாலர்) வந்தான். ரொட்டி, முட்டை, அப்புறம் ஒரு பாக்கெட் சிகரெட். “அப்பாவுக்குத்தான் அங்கிள்” என்றான். பொய் சொல்லவில்லை, அது எனக்கும் தெரியும். ரொட்டியையும் முட்டையையும் கொடுத்து, அப்பாவை வரச் சொல்லி அனுப்பினேன். கைலியோடு இறங்கி வந்தார். “என் பிள்ளை, என் காசு, உங்களுக்கு என்ன?” “அண்ணே, யார் பிடிக்கிறாங்கன்னு சட்டம் பார்க்காது, யார் கையில கொடுத்தேன்னுதான் பார்க்கும்” என்றேன். ஒரு மாதம் கடைப் பக்கமே வரவில்லை. மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று கொடுத்திருந்தால், அந்தப் பையன் தனக்காக வாங்க வருகிற நாளை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

பிடிபட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விற்றவருக்கு முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000 வரை. கடையின் புகையிலை உரிமத்தைச் சுகாதார அறிவியல் ஆணையம் முதல் முறை ஆறு மாதம் நிறுத்திவைக்கும், இரண்டாம் முறை ரத்து செய்யும். பள்ளிச் சீருடையில் இருப்பவருக்கோ 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கோ விற்றால் முதல் முறையே உரிமம் போய்விடும். சட்டைக்கு மேல் ஜாக்கெட் போட்டு வருவார்கள், காற்சட்டையையும் பாருங்கள்.

வெளியே நாலு பிள்ளைகள் நிற்க, பெரியவர் ஒருவர் உள்ளே வந்து வாங்கினால் அதையும் கவனிக்க வேண்டும். வயது குறைந்தவருக்காக வாங்கித் தருகிறவருக்கு 2,500 வெள்ளி வரை அபராதம் உண்டு. உதிரியாக ஒரு குச்சி, இரண்டு குச்சி விற்பதும் கூடாது. யார் கேட்டாலும் சரி.

நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்த பிறகுதான் அட்டை கேட்பேன். பணம் நீட்டியாகிவிட்டது, பின்னால் மூன்று பேர் வரிசையில், ஒருவர் கையில் ஐஸ்கிரீம் உருகுகிறது. அந்த நேரத்தில் இல்லை என்று சொல்ல வாய் வராது. 2017 ஆகஸ்டிலிருந்து சிகரெட்டை வாடிக்கையாளர் கண்ணில் படாமல்தான் வைக்க வேண்டும். அதற்காக வைத்திருக்கிற மூடிய அலமாரியையே இப்போது பயன்படுத்திக்கொள்கிறேன். அட்டையைப் பார்க்கும்வரை கதவைத் திறப்பதில்லை. “தம்பி, முதல்ல ஐசி” என்பது மட்டும்தான் பேச்சு. பாதிப் பேர் “வீட்டுல இருக்கு அங்கிள்” என்று திரும்பிவிடுகிறார்கள்.

பகுதிநேரமாக வருகிற இளையர்களுக்கு இது இன்னும் சிரமம். எதிரே நிற்பது தன் நண்பனாகவே இருக்கலாம். அவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: “முதலாளி விடமாட்டார்னு என் மேல பழியைப் போடு. தகராறு பண்ணினா எனக்குப் போன் பண்ணு, மேல் மாடியில இருந்து இறங்கி வர ரெண்டு நிமிஷம்தான். விற்காததுக்காக உன்னை ஒருநாளும் திட்டமாட்டேன்.”